தலையில் அடிபட்டவரை மலையில் நடக்கவைப்பது எப்படி

டிஸ்சார்ஜ் அன்று எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்." தம்பியைக் குன்னூருக்குக் கூட்டி வந்து, ஜன்னலை அடைத்து, இரண்டு கம்பளியைப் போர்த்தி, ஏழு வாரம் படுக்கவைத்தோம். பார்க்க வந்தவர்களும் "தூங்கட்டும், தூங்கினாத்தான் மூளை தேறும்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அவனோ நாளுக்கு நாள் மந்தமானான். காலையில் தின்றது இட்லியா உப்புமாவா என்பது மத்தியானம் தெரியாது, எட்டு மணிக்குக் கேட்ட கேள்வியை எட்டேகாலுக்கு மறுபடி கேட்பான், பாத்ரூம் வரை நடந்தாலே தொடை நடுங்கும். அப்போது அவனுக்கு 29 வயது. கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் மூட்டை ஏற்றி பிக்கப் ஓட்டியவன். வருடக்கணக்கில் லோடோடு அந்த வளைவுகளில் இறங்கியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறலில் ஹெல்மெட் போடாமல் பைக்கில் பர்லியாறு வரை போனதில் எல்லாம் ஆகிவிட்டது.

எட்டாவது வாரம் வந்த பிசியோ அம்மா கம்பளிகளைப் பார்த்துவிட்டு, "இவரை யாரு இப்படிக் கட்டிப்போட்டது?" என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கியது நடை. அந்த ஏழு வாரத்தில் யாராவது எழுதிக் கையில் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நான் நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அவனுடைய அக்கா. உங்கள் டாக்டர் "நடக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் இதெல்லாம்.

முதலில் காகிதத்தைப் படியுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அதில் ஜி.சி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-ல் கொண்டுவந்த அளவு அது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 3 முதல் 15 வரை வரும். 13-ம் அதற்கு மேலும் லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. தம்பிக்கு 7. இந்த எண் உங்களுக்கு எதற்கு என்றால், உடற்பயிற்சி பற்றி நீங்கள் போனில் படிக்கப் போகிற நல்ல செய்திகளில் பாதிக்கு மேல் லேசான காயம்பட்ட விளையாட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை. அவர்கள் இரண்டு வாரத்தில் எட்டும் இடத்துக்கு உங்கள் ஆள் வர மாதங்கள் ஆகலாம், சில இடங்களுக்கு வராமலும் போகலாம். இதைத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் மூன்றாவது வாரமே மனசு விட்டுப் போகாது.

அடுத்து, மண்டை எலும்பைப் பாருங்கள். வீக்கத்துக்கு இடம் கொடுப்பதற்காக ஒரு பகுதி எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தால், அதைத் திரும்பப் பொருத்தும் வரை அந்தப் பக்கம் மூளைக்கு மேல் தோல் மட்டும்தான். குல்லா போதாது, படுக்கையை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட் வேண்டும், எந்த மாதிரி ஹெல்மெட் என்று பிசியோவிடம் கேட்டு வாங்குங்கள். கழுத்திலும் அடி உண்டா என்று பாருங்கள். வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால் ஒரு வேளைகூட விடக்கூடாது, அந்த ஆளைக் குளம், கிணறு, மொட்டைமாடி, ஏணிப் பக்கம் தனியாக விடவே கூடாது. ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை இருந்தால் நாடித்துடிப்பு மருந்தாலேயே குறைவாகக் காட்டும், அப்போது பின்னால் நான் சொல்லும் நாடிக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது, பேச்சுக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழேயிருந்து மேலே வரும்போது

நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் மலை ஏறிவிட வேண்டும். எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம்தான், குன்னூர் 1850, ஊட்டி 2240. குன்னூரில் ஒவ்வொரு மூச்சிலும் கீழே கிடைப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு மண்டைக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருப்பதும் உண்டு, உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று விரியும். ஆகவே "மலைக்குப் போறோம், கடைசி ஸ்கேன்ல உள்ள காத்து இருக்கா, எத்தனை நாள் கழிச்சு ஏறலாம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஊர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், உயரத்தையும் சொல்லுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் வளைவு. கொண்டை ஊசி வளைவில் எல்லோருக்கும்தான் வாந்தி வரும், ஆனால் தலைக்காயத்தில் வாந்தி அபாய அறிகுறியும் கூட. ஆகவே காலி வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம், முன் சீட்டில் உட்காரவைத்து வண்டியை மெதுவாக விடச் சொல்லுங்கள், வாந்திக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஓய்ந்த பிறகும் வாந்தி நிற்காவிட்டால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், எழுப்பினால் எழாவிட்டால், வலிப்பு வந்தால், ஒரு பக்கம் கை கால் சோர்ந்தால், பேச்சு குழறினால், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகினால் எதையும் யோசிக்காமல் 108. நடைப் பயிற்சி நடக்கும் எந்த மாதத்திலும் இது பொருந்தும்.

சமதளம் எங்கே இருக்கிறது?

கோவைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. இங்கே அதுதான் முதல் வேலை. நம் லைன் வீட்டுப் பாதையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறும் இடத்தில் மிகச் செங்குத்தான சரிவு பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் அளவு, அதற்கே என்ஜினுக்குப் பல் சக்கரம் தேவைப்பட்டது. நம்மில் பலருடைய வாசல் அதைவிடச் செங்குத்து. அந்தச் சரிவில் மெதுவாக ஏறினால்கூட, அதே வேகத்தில் சமதளத்தில் நடப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு உடம்புக்கு. ஆக "கடை வரைக்கும்தானே, பத்து நிமிஷம்தானே" என்று கூட்டிப் போனால் அது பத்து நிமிடம் இல்லை. இறங்குவது இன்னும் மோசம், மூச்சு வாங்காது, ஆனால் சமநிலை தப்பும்.

சிம்ஸ் பூங்காவுக்குத்தான் எல்லோரும் போகச் சொல்வார்கள். 1874-ல் தொடங்கிய அருமையான இடம்தான், மரங்களைப் பார்த்தாலே மனசு ஆறும். ஆனால் அது ஒரு பள்ளத்தின் சரிவில் இருக்கிறது, போன சுகம் திரும்பி ஏறும்போது போய்விடும். முதல் இரண்டு மாதம் வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த சமதளம் மூன்று. ஒன்று, வீட்டுத் திண்ணையை ஒட்டிய வாசல், பதினான்கு காலடி நீளம். இரண்டு, பக்கத்துப் பள்ளி மைதானம், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். மூன்று, குன்னூர் ரயில் நிலைய பிளாட்பாரம், பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, வண்டி போன பிறகு. நீராவி என்ஜின் ஊதுவதை தலைக்காயக்காரர்களால் தாங்க முடியாது, ஒரு தடவை தெரியாமல் நேரம் தவறிப் போய், தம்பி காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். உங்கள் ஊரில் சர்ச் மைதானம் இருக்கலாம், கொழுந்து எடை போடும் கொட்டகை இருக்கலாம். முப்பது காலடி தூரம் சமமாக இருந்தால் போதும், போய்ப் போய்த் திரும்பலாம்.

எல்லைக்கோடு எது என்று கண்டுபிடிப்பது

இதுதான் முழுக் கட்டுரையின் சாரம், மெதுவாகப் படியுங்கள். அடிபட்ட மூளைக்கு உழைப்பில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே நடந்தால் நல்லது, தாண்டினால் தலைவலி, கிறுகிறுப்பு, எரிச்சல், கண் மங்கல் என்று வந்து அன்றைய நாளே வீணாகும். கோடு ஆளுக்கு ஆள் வேறு, வாரத்துக்கு வாரம் நகரும். அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் லெட்டியும் வில்லரும் இதை டிரெட்மில்லில் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவை ஏற்றி, அறிகுறி தொடங்கும் இடத்தில் நாடி எவ்வளவு என்று பார்த்து, அதில் 80 சதவீதத்தை எல்லையாக வைத்து தினமும் இருபது நிமிடம். 2019-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், விளையாட்டில் தலை அடிபட்ட 103 பிள்ளைகளில் இப்படிப் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 13 நாளிலும், உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். அது லேசான காயம், மறுபடி சொல்கிறேன்.

நமக்கு டிரெட்மில் இல்லை. நாங்கள் செய்தது இது. நடக்கும் முன்னால் "தலை இப்ப எத்தனை?" என்று கேட்பேன், பூஜ்யம் ஒன்றுமே இல்லை, பத்து தாங்கவே முடியாது. மூன்று என்பான். சமதளத்தில் ஐந்து நிமிடம் நடந்து நிறுத்தி மறுபடி கேட்பேன். இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான், உட்கார வேண்டும். இரண்டுக்குள் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பரவாயில்லை. இந்த இரண்டு புள்ளிக் கணக்கு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் விளையாட்டுத் தலைக்காயத்துக்குச் சொன்ன அளவுதான். முழு ஓய்வு உதவாது, முதல் 24 முதல் 48 மணி நேரம் அடங்கியிருந்துவிட்டு மெதுவாக நடக்க ஆரம்பிக்கலாம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். எங்கள் ஏழு வாரக் கம்பளியை நினைத்துக்கொண்டேன்.

நாடி பார்க்க மணிக்கட்டில் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் வீட்டில் கிடந்தால் அதிலும் பார்க்கலாம், ஆனால் நம் குளிரில் விரல் சில்லிட்டுக் கிடக்கும்போது மாட்டினால் கன்னாபின்னாவென்று காட்டும், சூடான டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடிக்கவைத்துவிட்டு மாட்டுங்கள். தம்பிக்கு 125-ல் தலை கனக்கத் தொடங்கியது, 80 சதவீதம் என்றால் 100, அதுதான் எங்கள் எல்லை. எண்ணெல்லாம் சரிப்படாது என்றால் பேசவையுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச வர வேண்டும். அதற்கே திணறினால் வேகம் அதிகம்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் நிமிடம்: ஐந்து, ஏழு, பத்து என்று. இருபது நிமிடம் சமதளத்தில் ஒரு வாரம் தொந்தரவில்லாமல் போனால் அப்புறம் லேசான சரிவு, சரிவைக் கூட்டும் நாளில் நிமிடத்தைப் பாதியாக்குங்கள். அப்புறம்தான் கூட்டம், சத்தம், கடைத்தெரு. மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டிய ஒரு உறவுக்காரரை எனக்குத் தெரியும், பதினைந்து நாள் பின்னால் போனார்கள். படுத்து எழும்போதோ திரும்பும்போதோ மட்டும் வீடே சுழல்கிறது என்றால் அது கோடு தாண்டியதால் இல்லாமலும் இருக்கலாம், அடிபட்டதில் உள்காதின் நுண்கற்கள் இடம் மாறியிருக்கலாம், அதைத் தலையைத் திருப்பும் ஒரு முறையால் சரிசெய்ய முடியும், காது டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் அதையும் களைப்பு என்று ஒரு மாதம் விட்டுவைத்தோம்.

இதெல்லாம் ஏன் மூளைக்கு?

கால்தானே நடக்கிறது, ஞாபகம் எப்படித் திரும்பும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நடக்கும்போது மூளையில் பி.டி.என்.எஃப். என்ற ஒரு புரதம் கூடுகிறது. நரம்பு செல்கள் பிழைக்கவும் ஒன்றோடு ஒன்று புதுத் தொடர்பு போடவும் அது வேண்டும். செடி நட்ட குழிக்கு எரு மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னேன். முதியவர்கள் 120 பேரை வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் வாரம் மூன்று நாள் நடந்தவர்களுக்கு ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகாம்பஸ் பகுதி 2 சதவீதம் பெரிதானது. அவர்கள் அடிபட்டவர்கள் இல்லை, சரி, ஆனால் வளர்ந்த மூளையிலும் நடை கை வைக்கும் என்பது தெரிந்தது.

அவசரக்காரர்களுக்கு இன்னொரு ஆய்வு. கலிபோர்னியாவில் 2004-ல், மூளை அடிபட்ட எலிகளில் ஒரு கூட்டத்தை உடனே சக்கரத்தில் ஓடவிட்டார்கள், இன்னொன்றை இரண்டு வாரம் கழித்து. தாமதமாக ஓடிய எலிகளுக்கு அந்தப் புரதம் கூடி, வழி கண்டுபிடிக்கும் திறமையும் தேறியது. உடனே ஓடியவற்றுக்குப் புரதம் கூடவில்லை, கற்பதும் பின்தங்கியது. எருவுக்கும் காலம் உண்டு என்று அம்மாவே முடித்துவிட்டார்.

ஸ்டேஷன் பெயர்கள்

நடை மட்டும் போதாது. எரு போட்ட குழியில் எதையாவது நட வேண்டும் இல்லையா? நடந்து முடித்து, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மூளைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். செல்போனில் விளையாட்டு வேண்டாம், வெளிச்சம் தலையைக் குத்தும். அவருக்கு முன்பு தெரிந்த விஷயமாக இருக்கட்டும். எங்கள் பாடம் மலை ரயில்: மேட்டுப்பாளையம், கல்லாறு, அட்டர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. ரோட்டோரமாகத் தண்டவாளத்தைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு முதல் நாள் கல்லாறும் குன்னூரும் மட்டும்தான் வந்தன. நடுவில் எல்லாம் பனி.

உட்கார்ந்து ஒழுங்காக வந்த பிறகுதான் நடந்துகொண்டே சொல்லவைத்தோம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெயரைத் தேடும்போது காலடி தடுமாறும், சில சமயம் நின்றேவிடுவான். நிற்பது தப்பில்லை, மூளை இரண்டு வேலைக்கு இன்னும் தயாரில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். கையைப் பிடிக்காமல், பாதிக்கப்பட்ட பக்கம் அரை எட்டு பின்னால் நடந்து வாருங்கள், இடுப்பில் ஒரு பெல்ட் கட்டிப் பிடித்துக்கொண்டால் விழும்போது தாங்க முடியும். தேயிலைச் செடி எண்ணுவது, மூட்டை விலையைக் கூட்டிச் சொல்வது, மண்டியில் கொடுக்க வேண்டிய மீதிச் சில்லறை, எதுவும் பாடம்தான். தப்பாகச் சொன்னால் பரீட்சை வைக்கும் வாத்தியார் மாதிரி திருத்தாதீர்கள், முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தேதி, நேரம், நடந்த நிமிடம், முன்பின் தலை மதிப்பெண், ராத்திரி தூக்கம், அன்றைய மனநிலை ஒரு வார்த்தையில், இவ்வளவும் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வருவதற்குப் பதில் நோட்டை நீட்டலாம். எங்கள் டாக்டர் அதைப் பார்த்துத்தான் ஒரு மாத்திரையை மாற்றினார்.

மழை, பனி, காட்டுமாடு

இங்கே விடியற்காலை நடை வேண்டாம். கீழே சொல்வார்கள், இங்கே ஏழு மணிக்கு முன்னால் தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு வரும், கோத்தகிரிப் பக்கம் என்றால் கரடியும், ஓடத் தெரிந்தவனுக்கே சிரமம். எட்டரைக்கு மேல், ஐந்துக்கு முன்னால். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த புல்லும் கல்லும் வழுக்கும், வெயில் பட்டு உலர்ந்த பிறகு இறங்குங்கள். மழை மாதங்களில் நாங்கள் வீட்டுக்குள்ளேயே செய்தது: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து தடவை, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரே இடத்தில் கால் தூக்கி நடப்பது, ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது. ஜர்க்கின் கனமாக வேண்டாம், கை வீச வராது. மெல்லிசாக இரண்டு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, பிடிமானம் உள்ள ஷூ. செருப்பு கூடவே கூடாது.

பின்வாங்கும் நாட்கள்

வரும். முந்தைய ராத்திரி தூக்கம் கெட்டால், வீட்டில் விசேஷம் என்று கூட்டம் வந்தால், காய்ச்சல் அடித்தால் கோடு சரசரவென்று இறங்கிவிடும். அன்றைக்குப் பாதி நடங்கள், சுத்தமாக விடாதீர்கள், காய்ச்சல் தவிர. கோபமும் வரும், தட்டைத் தூக்கி எறிவார், உங்களைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்வார், சாயங்காலம் அது நினைவிலும் இருக்காது. மூளையின் முன்பக்கம் அடிபட்டால் பிரேக் தளர்ந்துவிடும் என்று பிசியோ அம்மா சொன்னார், டிரைவர் வீட்டுக்கு அது நன்றாகவே புரிந்தது. "குளிருக்கு ஒரு பெக் போட்டா நல்லது" என்று வரும் சித்தப்பாக்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அடிபட்ட மூளைக்குச் சாராயம் விஷம், வலிப்புக்கும் வழி.

ஆள் உதவிக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். 2021-ல் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே பிசியோ வருவதற்கு அதில் இடம் உண்டு. பெரிய அளவில் மறுவாழ்வுச் சிகிச்சை வேண்டும் என்றால் வேலூர் சி.எம்.சி.யில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்தவர். அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கு அவர் முதல்முறையாக நன்றாகச் சாப்பிட்டார்.

சாவி

கால் தேறியதும் அடுத்த கேள்வி வண்டி. நடக்கிறார், பேசுகிறார், அதனால் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். வளைவில் எதிரே பஸ் வரும்போது தேவைப்படும் வேகமான முடிவு மற்ற எல்லாவற்றுக்கும் பிறகுதான் திரும்பும், வலிப்பு வந்தவருக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை பைக்கும் கிடையாது, பிக்கப்பும் கிடையாது. எங்கள் வண்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், வீட்டில் ஒளித்தால் தேடிக் கண்டுபிடித்துவிடுவான், அந்த அளவுக்கு ஞாபகம் தேறிவிட்டது. பதினோரு மாதம் ஆகிறது. தினமும் முப்பத்தைந்து நிமிடம், இப்போது சிம்ஸ் பூங்காவுக்குள் இறங்கி ஏறுகிறான். போன வாரம் ஊட்டியிலிருந்து தலைகீழாகச் சொல்லச் சொன்னேன், லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெல்லிங்டன், குன்னூர் வரை கடகடவென்று இறங்கிவிட்டு, காட்டேரியில் நின்றுவிட்டான்.

"கா..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"தெரியும்க்கா, இரு," என்றான்.